கம்பியில் குத்திய கார்டுகள்

சென்ற இதழில் பித்தளைப் பாத்திரங்களைப் பளபளவென்று வைத்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை, துலக்கவே கூடாத ஒரு பழைய சாமானைப் பற்றிச் சொல்லப் போகிறேன், சகோதரிகளே. துலக்கினால் அழிந்தே போய்விடும்!

போகிக்கு முதல் நாள். பரணைக் காலி செய்கிற வேலையைக் காலேஜில் படிக்கும் என் பெண்ணிடம் ஒப்படைத்திருந்தேன். ஸ்டூல் மேல் நின்று ஒவ்வொரு சாமானாக இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சிரித்தாள்.

"என்னம்மா இது? அனுமாருக்குச் சாத்துற வடைமாலை மாதிரி, காகிதத்தைக் கோத்து வச்சிருக்கே?"

அவள் கையில் துருப்பிடித்த இரண்டு கம்பிகள். இரண்டிலும் கழுத்து வரை கார்டுகள்.

"கொளுத்துற மூட்டையில போட்டுடட்டுமா?"

"ஐயையோ, வை கீழே!"

நான் போட்ட சத்தத்தில் அவள் ஸ்டூலை விட்டே இறங்கிவிட்டாள்.

இளம் பெண்கள் பலருக்கு இந்தக் கம்பி என்னவென்றே தெரியாது. அந்தக் காலத்தில் அநேகமாக எல்லா வீட்டுக் கூடத்திலும் ஒன்று தொங்கும். அடியில் வட்டமான ஒரு சின்னக் கட்டை, மேலே கொக்கி, நடுவில் கூரான கம்பி. வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் அதில் 'சதக்'கென்று குத்திவிடுவார்கள். வரி ரசீது, கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் அதே கதிதான். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. ஆகவே ஒவ்வொரு கார்டின் நடுவிலும் ஒரு ஓட்டை இருக்கும். எந்த வார்த்தை ஓட்டையில் போயிற்று என்பதை நாமாக யூகித்துப் படிக்க வேண்டியதுதான்.

ஒரு கம்பி என் பிறந்த வீட்டுக் கம்பி. 2016-ல் அம்மா காலமான பிறகு, "நீ வச்சுக்கம்மா" என்று அண்ணன் கொடுத்தது. இன்னொன்று, கல்யாணமாகி வந்த பிறகு நானே தொங்கவிட்டது.

அன்றைக்குப் பரண் வேலை அத்தோடு நின்றது. ஃபேனை நிறுத்திவிட்டு, கூடத்தில் ஒரு பழைய புடவையை விரித்து, அம்மாவும் பெண்ணுமாகக் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

ஒரு கார்டு என்பது 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். அவ்வளவுதான். 1869-ம் வருஷம் அக்டோபரில் ஆஸ்திரியா-ஹங்கேரியில்தான் உலகத்தின் முதல் தபால் கார்டு விற்பனைக்கு வந்தது. "நாலு வரி சேதிக்குக் காகிதம், உறை, முழுத் தபால் கூலி எல்லாம் எதற்கு?" என்று எம்மானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் யோசித்ததன் பலன் அது. பத்தே வருஷத்தில், 1879 ஜூலையில், நம் தேசத்துக்கும் வந்துவிட்டது. விலை காலணா.

சிக்கனத்துக்காகப் பிறந்த ஒரு துண்டு அட்டை. அதில் அழகு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? இடம் குறைவாக இருந்ததால்தான் வந்தது என்று நான் நினைக்கிறேன். சின்ன வாசலில் பெரிய கோலம் போடத் தெரிந்தவள்தானே கெட்டிக்காரி!

தாத்தாவின் கார்டைப் பார்த்தால் இது புரியும். தாத்தா தஞ்சாவூரில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதினவர். அவருடைய பழைய கார்டுகளில் ராஜாவின் தலை அச்சாகியிருக்கிறது. அதாவது வெள்ளைக்காரன் காலத்துக் கார்டு. மைக்கூட்டில் தொட்டு எழுதுகிற பேனா. கீழே இழுக்கும் கோடு தடிக்கும், மேலே ஏறும் கோடு மயிரிழையாக மெலியும். ஒரே எழுத்தில் தடிப்பும் மெலிவும் சேர்ந்து வருகிறபோது, அது ஓடுகிற மாதிரியே இருக்கும். பால்பாயிண்ட் பேனாவில் என்ன தலைகீழாக நின்றாலும் அது வராது.

உச்சியில் நடுநாயகமாகப் பிள்ளையார் சுழி. வலது ஓரத்தில் ஊரும் தேதியும். பிறகு "இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று ஆரம்பம். ரூபாய் என்று எழுத மாட்டார். ஒரே இழுப்பில் ௹ என்று போடுவார். 'மேற்படி' என்பதற்கு ௸ என்று ஒரு சுழி. கணக்குப்பிள்ளை கையல்லவா! நடுப்பக்கம் நிறைந்துவிட்டால், கார்டைத் திருப்பிப் பிடித்து இடது ஓரத்தில் ஒரு வரி, பிறகு தலைகீழாக உச்சியில் ஒரு வரி. இந்த ஓர வரிகளில்தான் அவர் மனசு இருக்கும். நடுவில் நெல் விலையும் நில வரியும். ஓரத்தில், "சின்னக் குழந்தைக்கு இருமல் தேவலையா?"

என் பெண் கார்டைச் சுற்றிச் சுற்றிப் படித்துவிட்டு, "ஸ்டீயரிங் திருப்புற மாதிரி இருக்கும்மா!" என்றாள்.

பாட்டிக்கு எழுதத் தெரியாது. பாட்டி தாத்தாவுக்கு அனுப்பிய கார்டுகளெல்லாம் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவை. கை அவருடையது, பேச்சு பாட்டியுடையது. "மாடு கன்று போட்டது. கிடாரி. நீங்க வர்ற வரைக்கும் சீம்பால் இருக்காது" என்று சொன்னது சொன்னபடி இருக்கிறது. அந்த மனுஷர் ஒரு வார்த்தையைக்கூடத் திருத்தவில்லை பாருங்கள், அதுவும் ஒரு கலைதான்.

கல்யாணச் சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். எத்தனையோ வருஷமாகியும் மூலைகளில் ஒரு பழுப்பு மஞ்சள் இருக்கிறது. படிப்பதற்கு முன்பே, தபால்காரர் கையில் பார்த்த உடனேயே, நல்ல சேதி என்று தெரிந்துவிடும். சாவுச் சேதி என்றால் மூலைகளில் கறுப்பு மை. அதைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். அதனால்தான் பிறந்த வீட்டுக் கம்பியில் பிறப்பு இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, ஒரு சாவுகூட இல்லை.

கார்டில் ஒளிவு மறைவு கிடையாது. தபால்காரர் படிப்பார், வாங்கிக் கொடுக்கிற எதிர்வீட்டுப் பையனும் படிப்பான். அதனால் எதையும் வெளிப்படையாக எழுத முடியாது. அத்தையின் கார்டு ஒன்று: "இப்போது புளிப்பு மேல் மிகவும் ஆசையாக இருக்கிறது. நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பவும்."

"ஊறுகாய் கேட்கவா ஒரு கார்டு?" என்றாள் என் பெண்.

"அந்த ஊறுகாய்தாண்டி என் அத்தான்!" என்றேன். ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அத்தையின் கார்டில் இன்னொரு வேடிக்கை. "இது என்ன எழுத்து? 'ல'வுக்கு முன்னால பாம்பு படம் எடுக்குது?" என்று கேட்டாள். பாம்பில்லை, யானைத் தும்பிக்கை! 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததே, அதற்கு முன்னால் லை, ளை, ணை, னை என்ற நாலு எழுத்துகளையும் தும்பிக்கையைத் தூக்கின யானை மாதிரிதான் எழுதுவார்கள். ணா, றா, னா போன்றவற்றுக்கும் தனிக் கால் கிடையாது. எழுத்தோடேயே சுழித்து முடிந்துவிடும். மொத்தம் 13 எழுத்துகள் மாறின. நான் பள்ளிக்கூடம் போனபோது புது எழுத்து வந்துவிட்டது. அம்மா மட்டும் கடைசி வரை தும்பிக்கை வைத்துத்தான் எழுதினாள். "'மாலை'ன்னு எழுதினா கழுத்துல தொங்குற மாதிரி இருக்க வேண்டாமா?" என்பாள்.

எழுத்தாளர்களிலும் கார்டுக்குப் பேர் போனவர்கள் உண்டு. வல்லிக்கண்ணன் (1920-2006) புதிதாக எழுத வந்த எத்தனையோ பேருக்குக் கார்டு போட்டு உற்சாகப்படுத்தியவர். பெரிய விமர்சனக் கட்டுரை தர முடியாத ஒரு தெம்பை அந்தச் சின்ன அட்டை கொடுத்துவிடும். "நீ எழுதினதை ஒருத்தர் உட்கார்ந்து படிச்சிருக்கார், உட்கார்ந்து பதிலும் எழுதியிருக்கார்" என்பதுதானே அதற்கு அர்த்தம்.

ஒரு கையெழுத்தில் அந்த ஆளே வந்து உட்கார்ந்துவிடுகிறார். காந்திஜி தம் கையெழுத்து நன்றாக இல்லையே என்று சுயசரிதையில் வருத்தப்பட்டிருக்கிறார். குழந்தைகளுக்கு எழுத்து சொல்லித் தருவதற்கு முன் படம் வரையக் கற்றுத் தர வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம். 1909-ல் கப்பலில் வந்துகொண்டே 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோது, வலது கை ஓய்ந்து போனால் இடது கையால் எழுதினாராம். கை ஓய்ந்தால் எழுத்தும் அதைச் சொல்லிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவின் கார்டுகள் எனக்குச் சொல்லிக் கொடுத்தன. கொஞ்சம் தாமதமாக.

இரண்டாவது கம்பிக்கு வருகிறேன்.

2001-ல் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தேன். எங்கள் வீட்டில் டெலிபோன் இருந்தது. அம்மா இருந்ததோ மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். போன் பேச வேண்டுமானால் பஸ் ஏறிப் போய் எஸ்.டி.டி. பூத்தில் நிற்க வேண்டும். "அங்க மீட்டர் ஓடுறதைப் பார்த்தா எனக்குப் பேச்சே வரமாட்டேங்குது" என்பாள். அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு கார்டு.

அம்மாவின் படிப்பு எட்டாம் வகுப்பு. எழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுத்துக்கு எழுத்து ஒரே இடைவெளி, வரிக்கு வரி ஒரே இடைவெளி. புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கை, கார்டிலும் புள்ளி பிசகாமல் போகும். பக்கத்துக்குச் சரியாக 12 வரி. அந்தப் பன்னிரண்டு வரிக்குள் வயல், மாடு, அண்ணன் குழந்தைகள், எனக்குப் புத்திமதி எல்லாம் அடங்கிவிடும். என் பெண் 2003-ல் பிறந்தபோது, "குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதாதே, யார் சொன்னாலும் காதில் எண்ணெய் விடாதே" என்று எழுதின கார்டு இதோ இருக்கிறது.

தபால் முத்திரையில் இருக்கும் தேதியைப் பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டே போனாள் என் பெண். 2001, 2002, 2003... நாலாவது வரிசையில் அவள் கை நின்றது.

"அம்மா, இங்க பாரேன். அம்மாச்சி எழுத்து போகப் போகச் சின்னதாகிக்கிட்டே வருது."

நான் பேசாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் எட்டு வருஷமாக நான் பார்க்காததை அவள் பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டாள்.

2001 கார்டில் 12 வரி, பக்கம் நிறைய. 2008 கார்டிலும் அதே 12 வரிதான். ஆனால் அது பாதிக் கார்டிலேயே முடிந்துவிட்டது. ஒவ்வொரு வரியும் ஆரம்பத்தில் ஓரளவு பெரிதாக இருந்து, முடிகிற இடத்தில் கடுகு கடுகாகச் சிறுத்துப் போகிறது. தும்பிக்கை தூக்கின 'லை' எல்லாம் வெறும் புள்ளி மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். கார்டு விலை 25 பைசாவிலிருந்து 50 பைசா ஆனதிலிருந்து அம்மா எழுத்தைச் சுருக்கிவிட்டாள் என்று அண்ணன் கேலி செய்வான். சிக்கனக்காரி என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இடத்தை மிச்சம் பிடிக்கிறவள், மிச்சமான இடத்தில் இன்னும் நாலு வரி எழுத மாட்டாளா? கார்டில் பாதி காலியாகக் கிடக்கிறதே, ஏன்? இந்தச் சின்னக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கார்டு வரும். படிப்பேன். கம்பியில் குத்துவேன். புதுக் கார்டு பழைய கார்டை மறைத்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்!

வேறு அறிகுறிகளும் இருந்தன. வாசல் கோலம் சின்னதாயிற்று. முதுகு வலி என்று நினைத்தோம். பால் அடிபிடித்த வாசனை அம்மாவுக்குத் தெரியவில்லை. ஜலதோஷம் என்றோம். குரல் தணிந்து போயிற்று. வயசாகிறது என்றோம். நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே வந்தது. அதை யாரும் கவனிக்கவேயில்லை. கையெழுத்து ஒத்துப் போகவில்லை என்று பாங்கில் இரண்டு தடவை படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோதுதான், 2009-ல், அண்ணன் அம்மாவைத் திருச்சிக்கு அழைத்து வந்தான்.

நரம்பியல் டாக்டர் அம்மாவை நடக்கச் சொன்னார். விரல்களைத் திறந்து மூடச் சொன்னார். ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஒரே வரியை நாலு தடவை எழுதச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இவங்க பழைய கையெழுத்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் நான் கம்பியைத் தூக்கிக்கொண்டு போனேன். அடியிலிருந்து ஒரு கார்டு, நடுவிலிருந்து ஒன்று, மேலேயிருந்து ஒன்று. மூன்றையும் மேஜை மேல் வரிசையாக வைத்தார்.

"இது ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கும்மா" என்றார்.

ஐந்து வருஷம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் என் கைக்கு வந்துகொண்டிருந்தது. நானே வாங்கி, நானே படித்து, நானே குத்தி வைத்தேன்.

நடுக்குவாதம் என்றும் பார்க்கின்ஸன் நோய் என்றும் சொல்வது இதைத்தான். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற லண்டன் டாக்டர் இதைப் பற்றி விவரமாக எழுதியதால் அந்தப் பெயர். மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போவதால் உடம்பின் அசைவுகள் எல்லாம் சுருங்குகின்றன, மெதுவாகின்றன. பெயரில் நடுக்கம் இருந்தாலும், சிலருக்கு நடுக்கம் இல்லாமலே ஆரம்பிக்கும். அம்மாவுக்கு அப்படித்தான். கை நடுங்கியிருந்தால் நாங்கள் பயந்திருப்போம். எழுத்து சிறுத்தால் யார் பயப்படுவார்கள்? இப்படி எழுத்து சிறுத்துக்கொண்டே போவதற்கு 'மைக்ரோகிராஃபியா' என்று பெயராம்.

உடனே எல்லாரும் பதறிப் போய்விடாதீர்கள். சின்னதாக எழுதுவது சிலருக்குப் பிறவி வழக்கம். கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தாலும், விரல் மூட்டு வலித்தாலும் எழுத்து மாறும். வயசானவர்களுக்கு வருகிற இன்னொரு வகை நடுக்கத்தில், எழுத்து பெரிதாகி அலை அலையாகக் கோணிப் போகும், சிறுக்காது. ஒருவருடைய எழுத்து அவருடைய பழைய எழுத்தைவிடப் படிப்படியாகச் சிறுத்து, வரி முடிவில் இன்னும் நெருங்கி, கூடவே வாசனை தெரியாமை, கை வீசாமல் நடப்பது, குரல் தணிவது, சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படுவது இவையும் சேர்ந்தால் மட்டும் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, தேகப்பயிற்சியும் செய்தால் பல வருஷங்கள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ள முடியும். அம்மா பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "வெள்ளைக் காகிதத்துல எழுதாதீங்கம்மா. அகலமா கோடு போட்டுக்குங்க. கோட்டைத் தொடணும், கோட்டைத் தொடணும்னு நினைச்சுக்கிட்டே எழுதுங்க." கண்ணுக்கு எதிரே ஒரு அளவு இருந்தால், சுருங்குகிற கையும் அந்த அளவுக்கு எழும்பப் பார்க்குமாம்.

"கோடு போட்ட கார்டு எந்தத் தபாலாபீசில விக்குது?" என்று சிரித்தாள் அம்மா.

வீட்டிலேயே தயாராயிற்று. ஊருக்குத் திரும்பும்போது பத்துக் கார்டு கொண்டு போனாள். பத்திலும் பென்சில் கோடு.

அந்தப் பத்தில் ஒன்பது எனக்கு வந்தன. இதோ, கம்பியின் மேல் பக்கத்தில் இருப்பவை அவைதான். ஒரு பக்கத்துக்கு ஐந்தே வரி. அந்த ஐந்து வரியை எழுத அம்மாவுக்கு ஒரு மத்தியானம் பிடித்தது என்று அண்ணி சொன்னாள். ஒரு எழுத்து, கொஞ்சம் ஓய்வு, அடுத்த எழுத்து. கோடெல்லாம் லேசாக நெளிகிறது. ஆனால் எழுத்து பழையபடி பெரிதாகிவிட்டது. 'லை' தும்பிக்கையைத் தூக்கி மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

தாத்தாவின் கார்டு அழகுதான். ஓடுகிற எழுத்து, ஒரே இழுப்பில் ௹. ஆனால் இந்த இரண்டு கம்பியிலும் சேர்த்து எது அழகான கார்டு என்று என்னைக் கேட்டால், இந்த ஐந்து வரிக் கார்டைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ஒன்பதாவது கார்டை என் பெண் சத்தமாகப் படித்தாள். 2011-ம் வருஷத்து முத்திரை. "இவ்விடம் நலம். மாத்திரை சாப்பிடுகிறேன். மாவடு போட்டாயிற்று. கோடு நன்றாக நேராக இருக்கிறது என்று குழந்தையிடம் சொல்லவும்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "கோடு யார் போட்டது?"

"நீதான். ஒண்ணாம் கிளாஸ் படிச்சிக்கிட்டிருந்தே. ஸ்கேலை வச்சு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, பத்துக் கார்டுக்கும் நீதான் போட்டே."

அவளுக்கு ஞாபகமே இல்லை. கார்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"கோடு நேராவே இல்லைம்மா" என்றாள். அவள் குரல் சரியாக இல்லை.

அன்று ராத்திரி இருவருமாகக் கார்டுகளைக் கம்பியிலிருந்து உருவினோம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கலாம். எங்களுக்குப் பயன்பட்ட சில குறிப்புகள்:

* கம்பி, குண்டூசி, கிளிப் எதையும் கார்டோடு வைக்காதீர்கள். துரு காகிதத்தைத் தின்றுவிடும். ரப்பர் பாண்டும் ஆகாது. உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டலாம்.

* லாமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். செய்துவிட்டால் பிரிக்க முடியாது. கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினால், சில வருஷங்களில் அந்த இடம் பழுப்பாகிவிடும். ஒட்டும் பக்கம் உள்ள போட்டோ ஆல்பத்திலும் வைக்க வேண்டாம்.

* ஈரத் துணி கூடாது. மைப் பேனா எழுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். தூசியை மிருதுவான உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். சுருண்ட கார்டை இஸ்திரி போடாதீர்கள். வெள்ளைக் காகிதத்தின் நடுவில் வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் சில நாள் வைத்தால் தானாக நிமிரும்.

* வெயில் படும் அலமாரி, சமையலறை, சூடேறும் பரண், ஈரச் சுவர் இவை வேண்டாம். உலர்ந்த அட்டைப் பெட்டியில், வெள்ளைத் தாள் இடையிட்டு, ஆட்கள் புழங்கும் அறையில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

* இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். விலாசப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். தேதி முத்திரை அங்கேதான் இருக்கிறது. ஆறு எண் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்திய கார்டு என்றும் தெரிந்துகொள்ளலாம்.

* யார் யாருக்கு எழுதியது என்ற விவரத்தைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள். கார்டின் மேலேயே எழுத வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய கார்டைப் பாதுகாத்தால் மட்டும் போதாது. புதிதாகவும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இப்போதெல்லாம் பெரியவர்களின் குரல் போனில் வருகிறது, முகமும் வருகிறது. கை மட்டும் வருவதில்லை. வருஷத்துக்கு ஒரு தரம், பிறந்த நாளோ பொங்கலோ, வீட்டுப் பெரியவர்களைத் தேதி போட்டு நாலு வரி எழுதச் சொல்லுங்கள். போன வருஷத்து நாலு வரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் சந்தோஷம்.

பொங்கல் கழிந்ததும் தபாலாபீசுக்குப் போய்ப் பத்துக் கார்டு வாங்கி வந்தேன். முதல் கார்டை என் மாமியாரிடம் நீட்டினேன்.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு உனக்கு எதுக்கும்மா கார்டு?" என்றார்.

"சும்மா எழுதுங்க அத்தை."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிள்ளையார் சுழி போட்டார். தேதி போட்டார். ஒரு மணி நேரம் யோசித்து யோசித்து எழுதி, மூலையில் கொஞ்சம் மஞ்சளும் தடவினார். பிறகு, "அந்தக் கம்பி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

"குத்தாதீங்க அத்தை!" என்று நானும் என் பெண்ணும் ஒரே சமயத்தில் கத்தினோம்.